பத்தொன்பது கிலோ

அப்பா என்னைத் தராசில் ஏற்றாத மாதமே கிடையாது. மற்ற வீடுகளில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், எங்கள் வீட்டில் நிறுத்துப் பார்ப்பார்கள் என்று இரண்டாம் வகுப்புப் படிக்கிற வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பழைய பாத்திரம் வாங்கி விற்கிற தொழில். பிளாஸ்டிக் குடங்களைத் தோளில் கோத்துக்கொண்டு வடகவுஞ்சிப் பக்கத்து மலை ஊர்களில் நடப்பார். ஓட்டைப் பித்தளைக் குடம், செம்புக் கம்பி, பேட்டரியை உடைத்து உருக்கின ஈயக்கட்டி, எது கொடுத்தாலும் பதிலுக்கு ஒரு குடமோ வாளியோ கொடுப்பார். எல்லாம் கண் மதிப்புதான், நிறுப்பதில்லை. சாக்குகள் நிறைந்ததும் காய்கறி வண்டியில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய்க் காயலான் கடையில் விற்பார். கூட நானும் போவேன்.

கிளம்புகிற அன்று வெள்ளனே என்னைப் பூண்டு வாங்குகிறவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார். அவர் தராசில் கள்ளம் கிடையாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் சாக்கை அதில் வைக்க விடமாட்டார்.

"களிம்பேறுன சாமானயெல்லாம் பூண்டு வைக்கிற தட்டுல வைக்காதப்பா. புள்ளய வேணா ஏத்திக்க."

அன்றைக்கு நான் பத்தொன்பது கிலோ இருந்தேன். அப்பா அதை இரண்டு தரம் முணுமுணுத்துக்கொண்டார்.

வாசலில் அம்மா நின்றாள். "இந்தத் தடவையும் ஏமாந்துட்டு வந்தீங்கன்னா, எந்தம்பிகூடத் திருப்பூருக்குக் கெளம்பிருங்க. இந்தச் சோலியே நமக்கு வேணாம்."

"ரெண்டு மாசச் சரக்குடி. வந்து பேசுறேன்" என்றார் அப்பா.

திருப்பூர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்பா அங்கே போகக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

மலை இறங்குகிற வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். காலையில் தின்றதெல்லாம் போய்விட்டது. முதல் கடையில் அப்பா, "புள்ள வளந்திருக்காளான்னு பாப்போம்ணே" என்று சிரித்துக்கொண்டே என்னைத் தராசில் நிறுத்தினார். சிவப்பு எழுத்தில் பதினேழு என்று வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "அப்புறமா வாரோம்ணே" என்று சாக்குகளை வெளியே இழுத்தார்.

"அப்பா, வாந்தி எடுத்தா எடை கொறஞ்சிருமா?"

அவர் யோசனை எங்கேயோ இருந்தது. "ஆமா தாயி, கொறையும்" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் இளைத்துப்போனதில் அப்பாவுக்கு அவமானம். என்னைச் சாக்குகளுக்குக் காவல் வைத்துவிட்டு அவர் டீக்கும் பிஸ்கட்டுக்கும் போனார். நான் ஒரு சாக்கில் கைவிட்டு இரண்டு ஈயக்கட்டிகளை எடுத்தேன். ஈயம் சின்னதாக இருந்துகொண்டு கனக்கும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? ஸ்வெட்டர் பாக்கெட்டுகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, தொங்காமல் இருக்கக் கைகளையும் உள்ளே விட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா, மலைக்காரப் புள்ளைக்கு வத்தலக்குண்டுலயும் குளிருதா?"

"கழட்டு தாயி, வேர்க்குதுல்ல" என்றார் அப்பா.

"குளிருதுப்பா."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். "ரெண்டு பிஸ்கட்டுக்கே இம்புட்டுக் கனமா?"

பத்தொன்பது என்று வந்தது. அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கடையைவிட இங்கே கிலோவுக்கு விலையும் கூடச் சொன்னார்கள். "இங்கேயே போட்டுருவோம்" என்று எல்லாச் சாக்கையும் கொட்டினார். நிறுத்து முடிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது ஈயக்கட்டிகளைக் கடைக் குவியலிலேயே எறிந்தேன். திரும்பும்போது அப்பா பரோட்டா வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த நடைக்குக் குடங்கள் வாங்கியதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எடை சரியாத்தானே காட்டுச்சு? வெலையும் கூடத்தானே போட்டான்?" என்பார். பத்து நாளில் அவர் திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போய்விட்டார். பிறகு பண்டிகைக்கு வருகிற ஆளாகிவிட்டார். போன மார்கழியில் உயிரில்லாமல் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

துட்டி வீட்டில் பூண்டுக்காரர்தான் சொன்னார். "எடைக்கல்ல நம்ப மாட்டான்யா அவன். மகளக் கொண்டுபோயி ஏத்தி, கடைத் தராசு நல்லதா கள்ளமான்னு பாத்துக்குவான். புள்ள பொய் சொல்லாதும்பான்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் பத்தொன்பது, ஈயம் இரண்டு கிலோவாவது இருக்கும். இருபத்தொன்று காட்டவேண்டிய அந்தக் கடைத் தராசு பத்தொன்பதுதான் காட்டியது. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. மாதா மாதம் என்னைத் தூக்கி இறக்கின கைக்கு இரண்டு கிலோ வித்தியாசம் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்திருந்தால் ஏன் சரக்கைக் கொட்டினார்? கேட்கிறதற்கு ஆள் இல்லை.

அவர் திருப்பூர் போன அன்று பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் என்னை ஒருமுறை தூக்கினார். "நல்லாச் சாப்புடணும், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். கனம் பத்தாமல் போனதால்தான் அப்பா போகிறார், இன்னொரு ஈயக்கட்டி எடுத்துப் போட்டிருந்தால் போயிருக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.