சக்கரமில்லாத பெட்டி

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். பொன்மலையில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் வேலை எனக்கு. தினமும் மகள் விழிக்குமுன் கிளம்பிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து வயதுக்காரி தீப்பெட்டிகளை நூலில் கோத்து, சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக ஒட்டி, ரயில் செய்திருந்தாள். கடைசிப் பெட்டிக்கு மட்டும் சக்கரமில்லை. அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கதவு வெட்டியிருந்தாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? அவள் சாப்பிட்டு வருவதற்குள் கதவை ஒட்டி மூடி, நாலு பொத்தானும் வைத்துவிட்டேன்.

“இப்பத்தாம்மா சரியா ஓடும்” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. “அது பெட்டி இல்லப்பா, நம்ம வீடு. நீங்க வேலைக்குப் போறப்ப நாங்களும் கூட வரலாம்னு ரயிலோட சேத்துக் கட்டியிருக்கேன்.”

பொத்தான்களைப் பிய்த்தேன். கதவைத் திறக்கப்போய் அட்டை கிழிந்தது.

எத்தனையோ பெட்டிகளைச் சோதித்தவன், “இது என்னம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனேன்.