அடுத்த வருசம் உனக்கு

டிசம்பர் மாதம் முழுவதும் மாலதி அக்காவின் கம்பளிச் சட்டையில் கனிந்து அழுகும் ஸ்ட்ராபெரியின் வாசனை இருக்கும். கேமரன் மலையின் கியா பார்மில் சாலையோரக் கடை ஒன்றில் நாளெல்லாம் நின்று, நசுங்கிய பழங்களை ஒதுக்கி, நல்லவற்றைச் சிறு பெட்டிகளில் அடுக்கிவிட்டு, மாலையில் யாருடைய காய்கறி வண்டியிலாவது இடம் கேட்டுத் தோட்டத்துக்குத் திரும்புவாள். வந்ததும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து குளிர் காய்வாள். அப்போது அந்தச் சட்டையிலிருந்து கிளம்பும் புளிப்பும் இனிப்புமான வாசனை தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லயத்து வீட்டின் விறகுப் புகையோடு கலந்துவிடும். பத்து வயதில் எனக்கு அது பிடித்திருந்தது. இன்று கேமரன் மலைக்குப் போகிறவர்கள் அன்போடு வாங்கி வந்து நீட்டும் பெட்டியைக்கூட என்னால் திறக்க முடிவதில்லை.

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர். முதுகில் மருந்துத் தோம்பு, காலில் ரப்பர் சப்பாத்து, முகத்தில் அம்மாவின் பழைய சேலைத் துண்டு என்று மலைச் சரிவில் ஏறி இறங்குவதே அவருடைய வாழ்க்கை. அம்மா கொழுந்து வெட்டுபவர். எங்கள் மூவரில் மூத்தவன் குணா அண்ணன். அப்போது திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தான். அடுத்தவள் மாலதி அக்கா, ஐந்தாம் படிவம் முடித்து, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். கடைசிப் பெண் நான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எப்போதோ கோயில் மண்டபத்தில் யாரோ வந்து சேமிப்பைப் பற்றிப் பேசியதைக் கேட்டு அவர் மனதில் பதிந்துபோன பழக்கம் அது. ஜனவரி முதல் நாள் தோட்டத்தில் விடுமுறை. காலையில் எல்லாரும் குளித்துச் சாமி கும்பிட்டதும் எங்களை வட்டமாக உட்கார வைத்து, இந்த வருடம் பணத்தை எதற்காகச் சேர்க்கப்போகிறோம் என்று ஒவ்வொருவரையும் வாயால் சொல்ல வைப்பார். "காசுக்கு என்ன வேலைனு மொதல்லயே சொல்லிறணும். சொல்லாட்டி அது கடக்காரன் வேலையப் பாக்கப் போயிரும்" என்பார். பக்கத்து வீடுகளில் அந்த நேரத்தில் வானொலியும் சிரிப்புமாக இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் பரீட்சை நடப்பது போலிருக்கும். ஆனால் அதில் ஒரு பெருமை இருந்ததை மறுக்க முடியாது. எங்களிடம் பணம் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று நாங்கள் தீர்மானிக்கிறோம் என்று ஒரு கால் மணி நேரமாவது நம்பினோம்.

அந்த வருடம் நான் மழைச் சப்பாத்து கேட்டேன். அம்மா துணி துவைக்கும் மிஷின் கேட்டார், கேட்ட உடனேயே சும்மா சொன்னேன் என்றும் சொல்லிவிட்டார். அண்ணன் மோட்டார் சைக்கிள் என்றான். அக்கா, "நர்ஸுக்குப் படிக்கணும்ப்பா. ஈப்போல ஒரு காலேஜ் இருக்கு. சேரும்போது கட்டுற காச நானே கடயில வேல செஞ்சு சேத்துர்றேன். மிச்சத்துக்கு லோன் குடுக்கறாங்களாம்" என்றாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. அன்று மாலைக்குள் லயம் முழுக்க அந்தச் செய்தி பரவியது. பரப்பியவர் அவரேதான்.

கடை முதலாளி ஒரு சீனர். "தவுக்கே" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அக்கா முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளி மாணவியாக இருந்ததால், அவளுடைய சம்பளத்தை மாதம் பிறந்ததும் அப்பாவின் கையில் கொடுப்பது என்று பேசியிருந்தார்கள். அது அப்படியே தொடர்ந்தது. அப்பா வாங்கி வந்து சாமி படத்தின் பின்னால் இருந்த பிஸ்கட் தகரத்தில் போடுவார். அக்கா அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அப்பாவின் மீது அவ்வளவு நம்பிக்கை.

மார்ச்சில் தேர்வு முடிவு வந்தது, நல்ல முடிவு. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டாள், அழைப்பு வரவில்லை. ஈப்போ கல்லூரியில் இடம் கிடைத்தது. வருட நடுவில் சேர வேண்டும். அக்கா தானாவுக்கு, அதாவது தானா ராத்தா டவுனுக்குப் போய், வெள்ளைச் சப்பாத்து ஒன்றை விலை கேட்டுவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனின் கண்ணில் ஒரு பழைய லோரி பட்டது. திரிங்காப்பிலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் காய்கறி ஏற்றிப் போகிறவர்கள் கொழிக்கிறார்கள், சொந்தமாக ஒரு லோரி இருந்தால் இரண்டே வருடத்தில் இந்த லயத்தை விட்டு வெளியேறி வீடு வாங்கிவிடலாம் என்று அவன் பேசப் பேச, மோட்டார் கேட்டவன் எப்படி லோரிக்கு மாறினான் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வேறொரு பயமும் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த நாள் தொலைவில் இல்லை.

அக்கா கடையிலிருந்து வந்து அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் பக்கத்தில் குந்தினார்.

"மாலதி, அண்ணனுக்கு முன்பணம் கட்டணும். உன்னோடத எடுத்துக்கறேன். ஒரு வருசம் பொறுத்துக்கம்மா. லோரி ஓட ஆரம்பிச்சிட்டா உன்ன அவனே படிக்க வச்சிருவான். அடுத்த வருசம் உனக்கு."

"இடம் போயிரும்ப்பா."

"காலேஜு எங்க ஓடிப் போகுது? அங்கதான் இருக்கும்."

அவள் விரல்களை நெருப்புக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார், களைந்ததையே மறுபடியும் களைந்தார். மறுநாள் தகரம் காலியானது. பாக்கிக் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

லோரி வந்த அன்று எங்கள் லயமே கூடி எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டியது. அக்காவும் வந்து நின்றாள். அண்ணன் அவளிடம், "பயப்படாத லா, ரெண்டு டிரிப்பு அடிச்சா ஒன் காசு வந்துரும்" என்றான். பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. அப்போது அவன் அதை நம்பினான்.

அடுத்த ஜனவரியில் அக்கா மறுபடியும் "நர்ஸு" என்றாள். அப்போது லோரியின் இஞ்சின் பழுதாகியிருந்தது, அவளுடைய சம்பளம் அதற்குப் போனது. அதற்கடுத்த ஜனவரியிலும் அதே சொல்லைச் சொன்னாள். அதற்குள் தவணைகள் நின்றுபோய், ஒருநாள் காலையில் திரிங்காப் சந்தைக்கு முன்னாலேயே கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் வந்து, ஏற்றியிருந்த முட்டைக்கோசை இறக்கச் சொல்லிவிட்டு லோரியை இழுத்துப் போய்விட்டார்கள். அண்ணன் வேறொருவரின் லோரிக்கு டிரைவரானான். ஒவ்வொரு முறையும் அப்பா அதே வாக்கியத்தைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கெஞ்சியது, அதட்டியது ஒருபோதும் இல்லை. அதட்டியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். கெஞ்சும் அப்பாவோடு எப்படிச் சண்டை போடுவது?

லோரி போன பிறகு அக்கா ஒரு காரியம் செய்தாள். தவுக்கேயிடம் போய், இனிமேல் சம்பளத்தைத் தன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அப்பா வழக்கம் போல மாதம் பிறந்ததும் கடைக்குப் போயிருக்கிறார். சுற்றுலாப் பயணிகள் சோளம் தின்றுகொண்டு நிற்கும் இடத்தில், தவுக்கே தனக்குத் தெரிந்த தமிழில், "காசு பொண்ணுகிட்ட குடுத்தாச்சு" என்றாராம். அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். அக்கா வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நான் திருடனாம்மா?"

"இல்லப்பா."

"அப்பறம்?"

"நீங்க திருடனா இருந்திருந்தா காச ஒளிச்சாவது வச்சிருப்பேன்."

அன்று முதல் அவர் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். அந்த ஆண்டு முடிந்து ஜனவரி பிறந்தபோது எங்களை யாரும் வட்டமாக உட்கார வைக்கவில்லை. அப்பா சாமி கும்பிட்டுவிட்டு விடுமுறை நாளிலும் தேயிலைக்குள் போய் எங்கோ உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு வானொலி எங்களுக்கும் சேர்த்துப் பாடியது.

தன் கையால் சேர்த்த பணத்தோடு அக்கா மறுபடி கல்லூரிக்கு எழுதினாள். இடம் கிடைத்தது, கட்டணமும் ஏறியிருந்தது. அதையும் எப்படியோ சரிக்கட்டினாள். மிச்சத்துக்குக் கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் ஜாமீன் கையெழுத்து வேண்டும். அம்மா தோட்ட அலுவலகக் கிராணியிடம் போய்க் கேட்டார். தன் மகனுக்கே போட்டிருப்பதாக அவர் சொல்லிவிட்டார். கடைசியில் அம்மா அப்பாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது, ஒரு காலையில் அப்பா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தடவி, வாசலில் நின்று, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள்.

வளைவும் நெளிவுமாகத் தாப்பாவுக்கு இறங்கி, அங்கே பஸ் மாறி ஈப்போ போகும்வரை அப்பா அக்காவுக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்திருந்தார். வழியில் அவளுக்குக் கடலைப் பொட்டலம் வாங்கி மடியில் வைத்தார். அவள் உரித்து அவரிடமே பாதியைக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன்.

கடன் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு மலாய்ப் பெண்மணி அப்பாவின் அடையாள அட்டையை வாங்கிக் கணினியில் தட்டினார். சிறிது நேரம் திரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, லோரிக் கடனில் பாக்கி நிற்பதாகவும், அதற்கு ஜாமீன் நின்றவர் என்ற முறையில் அப்பாவின் பெயர் மாட்டியிருப்பதாகவும், அது தீரும்வரை அவருடைய கையெழுத்தை எங்கும் ஏற்க மாட்டார்கள் என்றும் மலாயில் மெதுவாக, அவருக்கு மனம் நோகாதபடி விளக்கினார். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். "சரி, சரி" என்று தமிழிலேயே சொன்னார். வெளியே வந்த பிறகுதான் அதை மறுபடி பையில் செருகினார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். நாங்கள் போகும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அப்பா பின்னால் வந்தார்.

மறு வாரமே அக்கா அதே பஸ்ஸில் ஈப்போவுக்குத் திரும்பினாள். ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் தேவைப்பட்டது. படிக்கச் சேர்த்த பணம் வாடகை அறைக்கு முன்பணமானது. நான் ஆறாம் படிவம் படித்ததும், பிறகு கோலாலம்பூரில் பட்டம் முடித்ததும் அந்த இல்லத்தில் அவள் வாங்கிய சம்பளத்தில்தான். அப்பாவுக்கு அவள் அனுப்பவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போனது சில வருடங்கள் கழித்து. அதற்குள் லயத்து வீட்டைக் காலி செய்து, திரிங்காப்பில் அண்ணனின் வாடகை வீட்டு முன்னறையில் ஒண்டியிருந்தார்கள். தானா ராத்தா மருத்துவமனையில் அவரைச் சேர்த்தபோது அக்கா சம்பளமில்லா விடுப்பில் வந்து பக்கத்திலிருந்தாள். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், துடைத்து விடுவதும், முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றுவதுமாக அவள் செய்த வேலையின் நேர்த்தியை அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் மத்தியானம் கேட்டார்.

"மகளுங்களா? கைப் பழக்கம் நல்லாருக்கே."

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, அத்தனை வருடங்களில் நான் காணாத பெருமையோடு, "ஈப்போல நர்ஸுங்க. நாந்தான் படிக்க வச்சேன்" என்றார்.

அக்கா துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள்.

"நர்ஸு இல்லிங்கய்யா. வயசானவங்களக் கழுவி விடுற வேல. படிக்கல."

பெரியவர் வேறு பக்கம் பார்த்தார். அப்பா கண்களை மூடிக்கொண்டார். நான் அக்காவின் மேல் கோபப்பட்டேன், சாகப்போகிறவரின் ஒரு பொய்யை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று. இப்போது யோசித்தால், அவளிடம் மிச்சமிருந்ததே அந்த ஒரு உண்மைதான் என்று தோன்றுகிறது. அதையும் அவர் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அக்காதான்.

இந்த ஜனவரியில் என் அலுவலகத்தில் இளம் பிள்ளைகள் தேநீர் மேசையைச் சுற்றி நின்று இந்த வருடத்துப் பண இலக்குகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஜப்பான் பயணம், ஒருவனுக்கு வீட்டு முன்பணம். சேரச் சேர நிரம்பும் வட்டத்தை எல்லாரும் கைப்பேசியில் காட்டிக்கொண்டார்கள். அவர்கள் சம்பளம் அவர்கள் கணக்கில் விழுகிறது, அவர்கள் சேர்ப்பது அவர்களுக்கே கிடைக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே எங்கள் பிஸ்கட் தகரமும் நினைவுக்கு வந்தது.

எங்கள் லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டு அங்கே பிளாஸ்டிக் கூரை போட்டுக் காய்கறி போட்டிருக்கிறார்கள். மருந்தடிப்பவர்கள் வேறு நாட்டு இளைஞர்கள். அவர்களும் யாருக்கோ மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அண்ணன் இன்னும் பிறருடைய லோரிதான் ஓட்டுகிறான். தீபாவளிக்கு அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவான், அவளும் பதில் போடுவாள்.

அலுவலகத்தில் அந்தப் பேச்சைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நாற்பதைத் தாண்டிவிட்ட அவள் இன்னும் அதே இல்லத்தில்தான் இருக்கிறாள், திருமணம் செய்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் வேலையைப் பற்றியும், அவளுடைய முழங்கால் வலியைப் பற்றியும் பேசினோம். பிறகு, எனக்கு இப்போது வசதி இருக்கிறது, இந்த வருடம் உனக்கு என்ன வேண்டும், எதுவானாலும் சொல் என்றேன். மறுமுனையில் ஒரு கிழவர் அவளை மலாயில் கூப்பிடும் சத்தம் கேட்டது. இதோ வருகிறேன் என்று அவருக்குப் பதில் சொன்னாள்.

பிறகு என்னிடம், "அதெல்லாம் கேக்காதடி. கேட்டா சொல்லத் தோணும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழவரைப் பார்க்கப் போனாள்.