எல்லாம் சீனியின் வேலை

தைப்பூசம் கழிந்த சில நாளில், வாய் கொப்பளித்த தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். பாதி முகம் தொங்கிக் கிடந்தது. இடது கண் மூடவில்லை. திருநீறு பூசினால் நெற்றி ஒரு பக்கம்தான் சுருங்கியது. அழுதுவிட்டேன்.

பக்கவாதமோ என்று மனைவி பதறினாள். என் பயம் வேறு. இந்தத் தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீடு சீனிவாசன், எல்லோருக்கும் சீனி. கீழ்த்தள வீட்டை அவன் கேட்டிருந்தான், எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகும் சிரித்துப் பேசினான். அதுதான் எனக்கு உதைத்தது. பழனி போய்விட்டுக் கப்பலில் திரும்பியவன், பஞ்சாமிர்தம் ஒரு டப்பா கொடுத்தான். இரண்டே நாளில் தின்று தீர்த்தேன். மூன்றாம் நாள் முகம் கோணியது. எதையோ கலந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

"முருகா, இதைச் செய்தது யார்? நீயே சொல்" என்று மன்றாடினேன். சொல்லும்வரை எந்த மருந்தையும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். சர்க்கரை மாத்திரையை முன்பே நிறுத்தியாயிற்று. கம்பெனிக்காரன் பிழைக்க நான் ஏன் விழுங்க வேண்டும்?

மனைவி விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கன்னத்திலும் புருவத்திலும் ஒயர் ஒட்டினார்கள். காதருகே லேசாகக் கரண்ட் கொடுத்தால் முகத் தசை துடிக்கும், அது திரையில் கோடாக எழும் என்றார்கள். பைத்தியத்துக்குக் கொடுக்கும் ஷாக்கோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோணிய பக்கம் கோடு லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். நல்ல பக்கத்திலும் தாமதமாக, குட்டையாகத்தான் எழுந்தது. மெஷினே கோளாறு என்றேன்.

டாக்டர் தலையை ஆட்டினார். "மெஷின் டீக் ஹை. அச்சா வாலா சைட் பீ கம்ஜோர் ஹை. யே சப் சீனி கா காம் ஹை."

மெஷின் சரிதானாம், நல்ல பக்கமும் பலவீனமாம். எல்லாம் சீனியின் வேலை! எனக்குப் புல்லரித்தது. நான் பெயரே சொல்லவில்லையே! முருகன் காட்டிக்கொடுத்துவிட்டான்.

மிச்சத்தைக் கேட்காமல் ஆட்டோ பிடித்தேன். சீனியின் கதவைத் தட்டி, பாதி வாயால் கத்தினேன். "டாக்டரே சொல்லிட்டாருடா! எல்லாம் சீனி வேலையாம்!"

அவன் திகைத்து, பின்னாலேயே வந்த என் மனைவியைப் பார்த்தான். "இந்தியில சொன்னாரா அண்ணி?" அவள் தலையசைத்ததும் என் தோளைப் பிடித்தான். "அண்ணே, அந்தச் சீனி நான் இல்ல. டீயில போடுற சீனி. சுகர் உங்க நரம்பை அரிச்சிருக்கு. மாத்திரை போடுறீங்களா, இல்லையா?"

இருபது வருஷம் இந்தத் தீவில் இந்தி பேசியே குப்பை கொட்டியவன் நான். சீனி என்றால் இரண்டு மொழியிலும் சீனிதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. முருகன் சரியாகத்தான் சொன்னான். கேட்ட காதுதான் கோணல்.

அன்றே மாத்திரை தொடங்கினேன். மூடாத கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து விட்டவன் சீனி. பங்குனி உத்திரத்தன்று உதட்டோரம் அசைந்தது. முதலில் பார்த்ததும் அவன்தான்.

அன்பர்களே, நீங்களும் கந்தனிடம் கேளுங்கள், நிச்சயம் சொல்வான். முழுதாகக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த வருஷமும் அவன் பழனிப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தான். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனியில் தொட்டுக் கண்ணில் ஒற்றி நாக்கில் வைத்துவிட்டு, மிச்சத்தை அவனிடமே நீட்டினேன்.

"இன்னும் சந்தேகமாண்ணே?"

"ஆமாடா. சீனி மேலதான்" என்று சிரித்தேன், இரண்டு பக்கமும்.