தொண்ணூற்றேழோடு நின்றவன்

நான் முட்டாள் என்பதற்குக் கணிதத்திலேயே நிரூபணம் இருக்கிறது. ஏழே இலக்கம்: 1000001. தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுணில் நான் வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர் அறைக் கரும்பலகையில் அதை என் கையாலேயே எழுதினேன். பக்கத்தில் ‘பகா எண்’ என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். கோடு நன்றாகத்தான் வந்தது.

எழுத வைத்தது சின்ன சார் மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல். இருவருக்கும் ஒரே வயது. ஆறு மாதம் முந்திச் சேர்ந்ததால் பையன்களுக்கு நான் பெரிய கணக்கு சார், அவர் சின்ன கணக்கு சார். அந்தப் பெயரோடு என் பெருமை முடிந்தது. பஸ் டிக்கெட்டைப் பார்த்ததுமே, “இது பதிமூணுல போகும் வே” என்பார். ஜங்ஷனில் ஏறி டவுண் ஆர்ச் வருவதற்குள் அதன் பின்பக்கத்தில் வகுத்துப் பார்ப்பேன், தப்பாக இருக்க வேண்டுமே என்று நெல்லையப்பரை வேண்டிக்கொண்டு. ஒருநாளும் தப்பவில்லை. பையன்கள் டிக்கெட்டும் கையுமாக அவர் பின்னால் அலைந்தார்கள். என்னைத் தேடி வந்தவன் ஒருவன்தான், அவனும், “சின்ன சார் எங்க சார்?” என்று கேட்கத்தான்.

அந்த ஜூனில் பிளஸ் டூ கணக்கு வகுப்பு எங்களில் ஒருவருக்கு என்றானது. எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைவிட, அவருக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ஒரு வாரம் உட்கார்ந்து, இரண்டு முதல் தொண்ணூற்றேழு வரை, நூறுக்குள் இருக்கிற இருபத்தைந்து பகா எண்களாலும் அந்த ஏழு இலக்க எண்ணை வகுத்தேன். ஒவ்வொன்றிலும் மீதி நின்றது. ஆயிரம் வரை போய்ப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம் என்று தெரியாதவனில்லை நான். இத்தனை எண்ணுக்கும் உடையாதது இனி எங்கே உடையப்போகிறது என்ற கொழுப்பு.

ஹெட்மாஸ்டர் முன்னாலேயே சொன்னேன்: “இத அவரு உடைச்சிட்டாருன்னா பிளஸ் டூவ அவருக்கே குடுத்துருங்க சார்.”

சின்ன சார் கையிலிருந்த டீயைக் கீழே வைக்கவில்லை. “நூறோட கனம் பத்து லட்சம். அதுகூட ஒண்ணோட கனம். ரெண்டு கனத்தோட கூட்டல்லா வே இது? நூறும் ஒண்ணும் நூத்தியொண்ணு, அதுல போகும்.”

101 × 9901. அந்தச் சூத்திரத்தை ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்துகிறவன் நான். தொண்ணூற்றேழுக்கு அடுத்த பகா எண்ணே நூற்றியொன்றுதான். இன்னும் ஒரே ஒரு வகுத்தல்!

அவர் கேலி பண்ணியிருந்தால் பத்து நாள் பேசாமல் இருந்து தீர்த்திருப்பேன். பலகையையே பார்த்துக்கொண்டு, “நல்ல நம்பரு வே! எங்கன பிடிச்சீரு?” என்றார். உண்மையாகவே கேட்டார். எனக்கு அது எறியப் பொறுக்கிய கல். அவருக்கோ பார்த்ததும் பிரியம் வந்துவிட்டது. பிளஸ் டூ போனதை அடுத்த வருஷமே மறந்தேன். அந்தப் பிரியத்தின் மேல் வந்த பொறாமை மட்டும் ஆறவே இல்லை.

இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். போன மாதம் புதுச் செல்போன் எண் வாங்கினேன். பத்து இலக்கம். நான்கு நாள் வகுத்தேன், உடையவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டேன்.

“வே, என் புது நம்பரு பகா எண்ணாக்கும்! நானே வகுத்துப் பாத்துட்டேன்.”

“எங்கன வே நிறுத்துனீரு?”