கண்ணுசாமிக்கு இரண்டு சாவு

திருவாரூருக்குத் தெற்கே மேலப்புதுவெளி என்றொரு ஊர். அங்கே கீழத்தெருவில் இருந்த ராமாயிக்கு இருபத்து நாலு வயதில் தாலி அறுந்தது. அவள் புருஷன் கண்ணுசாமியை அடித்துக் கொன்றார்கள்.

ஆட்சி மாறி இரண்டாவது வருஷம், சம்பா அறுப்புக் காலம். நம்மவர்கள் கோட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள், இனிக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி, கீழத்தெரு ஆட்கள் கலத்துக்கு அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் காயாரோகணம் மசியவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். கண்ணுசாமி வரப்பில் நின்று அவர்களை மறித்துத் திருப்பி அனுப்பினான். மறுநாள் காலை அவன் வாய்க்காலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஏழெட்டுப் பேர் மூங்கில் கழியோடு வந்தார்கள்.

அவன் வீட்டைப் பார்த்து ஓடிவந்தான். அவன் ஓடி வருவதையும் பின்னால் துரத்தி வருகிறவர்களையும் ராமாயி பார்த்தாள். ஒன்றரை வயதுப் பிள்ளை செவ்வந்தியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். யோசித்துப் போட்டதில்லை. கை போட்டுவிட்டது.

"ராமாயி, தொறடி! ராமாயி!"

அவள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றாள். காயாரோகணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூவரச மரத்தடியில் நின்றார். "மொதல்ல கால ஒடிங்கடா" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. எல்லாரும் போன பிறகுதான் திறந்தாள். கதவில் சாய்ந்து கிடந்தவன் அப்படியே உள்ளே சரிந்தான். உயிர் இல்லை.

போலீசிலும் இதைத்தான் சொன்னாள். எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் இராஜாங்கம் வந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தவர், கட்சி மேடைகளில் பேசிப் பேர் வாங்கியவர். நல்ல மனுஷர் என்றுதான் ஊரில் சொன்னார்கள். ராமாயி சொன்னதைக் கேட்கும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ மேடையில வந்து பேசணும் தங்கச்சி. ஆனா கதவு விஷயம் மட்டும் வேணாம்."

"அதானே அண்ணே நடந்துச்சு."

"நடந்தது போலீசுக்கு. சனத்துக்கு அது ஆவாது. கதவச் சாத்துனேன்னு நீ சொன்னியோ, அவங்க கோவம் காயாரோகணத்த விட்டுட்டு ஒம்மேல பாய்ஞ்சிரும். எரக்கம் ஒம்மேல வரணும், கோவம் அவன்மேல போவணும். இது ரெண்டும் கலந்துட்டா கூட்டம் கலைஞ்சிரும்."

ராமாயி தலையாட்டினாள். அந்தக் கதவை இனி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் வந்து சொல்லுகிறாரே, அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு வாரம் அவர் சொல்லிக்கொடுத்தார். புதுக் கதையில் ராமாயி தலைவிரி கோலமாக வெளியே ஓடினாள். கழிகளுக்கு நடுவே விழுந்து தடுத்தாள். கண்ணுசாமி அவள் மடியில் தலை வைத்துத் தண்ணீர் கேட்டான். தண்ணீர் கொண்டுவருவதற்குள் கண் மூடினான். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பது, எல்லாம் பாடம்.

"அழுகைய மொதல்லயே கொட்டிராத. அவங்க அழுவட்டும், நீ அப்புறம் அழு."

முதல் கூட்டத்திலேயே பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். ராமாயி மடி என்று சொன்னபோது, கண்ணுசாமியின் தலை அங்கே கனப்பதுபோல அவளுக்கே தோன்றியது. அவன் செத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினாள்.

அதன் பிறகு ஊர் ஊராகப் போனார்கள். தண்ணீர் என்ற சொல் வரும்போது அவள் இடுப்பில் இருக்கும் செவ்வந்தி சரியாக வீறிட்டு அழுவாள். கூட்டம் அதில் உடைந்துபோகும். அப்பனை நினைத்துத்தான் பிள்ளை அழுகிறது என்று ராமாயியும் நம்பினாள். பத்துப் பன்னிரண்டு கூட்டம் ஆன பிறகு ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தொடையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஆறியதும் ஆறாததுமாகக் கிள்ளிய நகத் தடங்கள். மேடையில் அவளுக்குப் பின்னால் நிற்பவர் இராஜாங்கம்தான்.

கேட்டதற்கு அவர் மறைக்கவில்லை. "கொஞ்சம் வலிக்கும்தான். அதுக்காவ பாத்தா, அதோட அப்பனுக்கு நியாயம் கெடைக்க வேணாமா?"

அடுத்த கூட்டத்துக்கு இராஜாங்கம் வேறு வேலையாகப் போய்விட்டார். தண்ணீர் என்ற சொல் வந்தது. பிள்ளை விரல் சூப்பிக்கொண்டு விளக்கை வேடிக்கை பார்த்தது. முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். ராமாயியின் கை முந்தானைக்கு அடியில் போனது. பிள்ளை அலறியது. கூட்டமும் அழுதது.

இராஜாங்கம் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் ஆனார். வழக்கு விசாரணைக்கு வந்தது.

கூண்டில் நின்று ராமாயி கதவு, இடுக்கு, பூவரச மரம் எல்லாவற்றையும் சொன்னாள். காயாரோகணத்தின் வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்சியின் வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்து வாசித்தார். மடியும் தண்ணீரும் ஒரு சொல் விடாமல் அச்சாகியிருந்தது.

"இப்படிப் பேசினது நீதானா?"

"ஆமாங்க."

"புருஷன் உன் மடியில செத்தாரா, கதவுக்கு வெளியில செத்தாரா?"

"கதவுக்கு வெளியிலங்க."

"அப்போ மேடையில சொன்னது?"

ராமாயி சுற்றிப் பார்த்தாள். இராஜாங்கம் வரவில்லை. "அங்க சொன்னது சனம் அழுவுறதுக்குங்க. இங்க சொல்றதுதான் நெசம்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. வக்கீல் சிரிக்கவில்லை. "ஊரையெல்லாம் அழவைக்கத் தெரிஞ்ச அம்மா, ஐயா. இன்னைக்குக் கோர்ட்டை அழவைக்க வந்திருக்காங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். நேரில் கண்ட வேறு சாட்சி கிடையாது. இவள் சாட்சியத்தை நம்புவதற்கில்லை என்று எல்லாரையும் விடுதலை செய்தார்கள்.

பத்தாம் நாள் இராஜாங்கம் வந்தார். "சீர்காழியில பெரிய கூட்டம். கோர்ட்டும் கைவிட்டுட்டுதுன்னு சொல்லு. முன்னையவிட இது இன்னும் நல்லா எடுபடும்."

ராமாயி போனாள். மைக்கைப் பிடித்து, கதவைச் சாத்தியவள் நான்தான் என்றாள். தாழ்ப்பாள் போட்டதை, அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதை, பிள்ளையின் வாயைப் பொத்தியதை, ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடையில் அழவைக்கப் பிள்ளையைக் கிள்ளினேன் என்றும் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை, நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள்.

"அடிப் பாவி, கட்டுனவன் கூப்புடக் கூப்புட நின்னு வேடிக்க பாத்தியாடி?"

மண்ணை வாரி இறைத்தாள். இன்னும் பலர் எழுந்தார்கள். இராஜாங்கம் மைக்கைப் பிடுங்கினார். குரல் உடைந்தது. "பாருங்கள் தாய்மார்களே! மிராசுதாரின் மூங்கில் கழி ஒரு உயிரைக் குடித்தது. நீதியின் கதவு சாத்தப்பட்டபோது இந்த ஏழையின் புத்தியும் பேதலித்துவிட்டது. இவளையா ஏசுகிறீர்கள்?"

மண் எறிந்தவள் அதைக் கேட்டு ஓவென்று அழுதாள். மேடையேறி வந்து ராமாயியைக் கட்டிக்கொண்டாள். "எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு" என்று ராமாயி சொன்னது அந்த அழுகையில் யார் காதிலும் விழவில்லை.

கட்சி பிறகு அவளைக் கூப்பிடவில்லை. கீழத்தெருவில் அவளுக்குக் கதவுக்காரி என்று பேர் வந்தது. குறுவை நடவுக்கு அவளைச் சேர்த்துக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை; காயாரோகணத்தின் வயலில்தான் இறங்கினாள். இரண்டாம் நாள் அவர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்.

"மேடையில ரொம்ப நல்லா அழுவியாமே. எங்க, இங்க ஒருதரம் அழு, பாப்பம்."

நடவுப் பெண்கள் குனிந்தபடி நின்றார்கள். ராமாயி நிமிர்ந்தாள். கையில் நாற்று இருந்தது.

"வேட்டிய மடிச்சுக் கட்டியிருந்தீங்க. பூவரச மரத்துல இடது கைய ஊனிக்கிட்டு நின்னீங்க. மொதல்ல கால ஒடிங்கடான்னு சொன்னீங்க. முடிஞ்சதும் காறித் துப்பிட்டு, வெயில் ஏறுது போவலாம்னீங்க."

அழாமல் சொன்னாள். அவள் கதையைக் கேட்ட ஆயிரம் பேரில், அது நிஜம் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குடையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி நடந்தார். மறுநாள் அவருடைய பண்ணைக் காரியக்காரர் வந்து, நாளையிலிருந்து வயலில் கால் வைக்காதே என்றார். ராமாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள்.

கூத்தாநல்லூரில் முகம்மது யூசுப் என்பவரின் அரிசி மில்லில், அவித்த நெல்லைக் களத்தில் காயவைத்துக் காலால் துழாவிவிடும் வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அதே களத்தில் நடந்தாள். செவ்வந்தியை அங்கிருந்தேதான் கட்டிக்கொடுத்தாள். புருஷன் எப்படிச் செத்தார் என்று புதிதாக வந்த பெண்கள் யாராவது கேட்டால், "காய்ச்சல்" என்பாள். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.