உறவுமுறை எழுதும் கட்டம்

ஜெகதீஸ்வரி வேலை செய்த இடம் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசாவின் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரின்டர், சுவரோடு அடுக்கிய பைல்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் படியேறி வந்து ஆங்கிலத்தில் இறங்கிப் போயின. மொழிபெயர்ப்பும் முத்திரையும் ஸ்ரீஸ்கந்தராசாவின் பொறுப்பு. ஜெகதீஸ்வரி ரைப் செய்தாள். அதோடு இன்னொரு வேலையும் பார்த்தாள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் கணவன் மனைவியைக் கூப்பிடும்போது, இருவரும் எங்கே கண்டார்கள், எப்படிப் பழகினார்கள் என்று இரண்டு பக்கக் கடிதம் ஒன்றைப் பைலில் வைக்க வேண்டும். அதை எழுதுகிறவள் அவள்தான். பத்து வருடத்தில் நானூறுக்கு மேல் எழுதியிருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழில் அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கொக்குவிலில் இருந்து இடம்பெயர்ந்து தொண்ணூற்றாறில் கொழும்புக்கு வந்தவள். கலியாணம் செய்யவில்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு மேலறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். அண்ணன் குடும்பம் ஜேர்மனியில்.

அந்த அண்ணனின் மகள்தான், மாமியின் ஆங்கிலம் வளரட்டும் என்று, யப்பானியச் சித்திரக்கதைகள் இருந்த ஓர் இணையத்தளத்தின் முகவரியை அனுப்பினாள். ஆங்கிலமாக்கி வாசகர்களே ஏற்றிய கதைகள். ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனதில் ஜெகதீஸ்வரி ‘போய்ஸ் லவ்’ என்ற பகுதிக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதைகள். முதல் நாள் பக்கத்தை மூடிவிட்டாள். அடுத்த நாள் மத்தியானம் திரும்பவும் திறந்து மூன்று அத்தியாயம் வாசித்தாள்.

வாசித்தது நிலாமின் நெட் கபேயில். சாப்பாட்டு நேரத்தில் மூலைக் கொம்பியூட்டரில் போய் இருப்பாள். பொலிஸ் கேட்கும் என்பதால் வருகிறவர்கள் எல்லோருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் நிலாம் கொப்பியில் எழுதிக்கொள்வார். அதற்கு மேல் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தத் தளத்தில் வாசகர் கருத்து எழுத ஓர் இடம் இருந்தது. அங்கே அவளுக்குப் பெயர் வந்தது ஒரு சண்டையால். எல்லோரும் கொண்டாடிய கதை ஒன்று: ஒரு துறைமுக ஊரில் பஸ் சாரதியும் பள்ளிக்கூடச் சமையல்காரனும். இரண்டாம் அத்தியாயத்தில் சாரதி அவன் கையைப் பிடிக்கிறான். விடு என்கிறான் சமையல்காரன். சாரதி விடவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் சமையல்காரன் சாரதியை நினைத்து அழுகிறான். ஜெகதீஸ்வரி எழுதினாள்: “விடு என்று சொன்னவன் மனம் மாறலாம். ஆனால் எந்த நாளில், எதைக் கண்டு மாறினான்? அந்த நாளை வரையாமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் அது காதல் கதை இல்லை. கதை சொல்கிறவரின் சோம்பல்.”

எழுபது பேர் திருப்பி எழுதினார்கள். இது வெறும் கதைதானே என்றார்கள் பாதிப்பேர். அழகாக வரைந்திருக்கிறார்கள், வேறென்ன வேண்டும் என்றார்கள் சிலர். ஆறுதலாக எழுதியவர் ஒருவர்தான். “நீங்கள் சொல்வது சரி. இருந்தாலும் இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இரண்டு பேரும் ஆண்கள் என்பதால், யார் சோறாக்க வேண்டும் என்று கதை தொடங்கும்போதே தீர்மானமாகி இருப்பதில்லை.” ஜெகதீஸ்வரி அதற்கும் விடவில்லை: “அப்படியென்றால் ஏன் எல்லாக் கதையிலும் ஒருவனைச் சின்னவனாக, அழுகிறவனாக, சமைக்கிறவனாக வரைகிறார்கள்? பெண்ணை எடுத்துவிட்டு அவளுடைய வேலையை மட்டும் வைத்திருக்கிறார்கள்.”

இப்படி எட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் பகலில் நகரத்தில் குண்டு வெடித்து வீதிகளை மூடினார்கள். வேலையிடத்தில் அடைபட்டிருப்பதாக ஜெகதீஸ்வரி தளத்தில் ஒரு வரி எழுதினாள். தானும் அப்படித்தான் என்று, முன்பு ஆறுதலாக எழுதிய அந்த வாசகி எழுதினாள். கேட்டுப் பார்த்தால் ஆள் இதே கொழும்பில், கொட்டாஞ்சேனை. பெயர் பஹ்மியா, ஒரு பாமசியில் வேலை, இரண்டு பிள்ளைகளின் தாய். அதற்குப் பிறகு இருவரும் போனிலும் கதைத்தார்கள். தமிழில் கதைத்தபோதும் அந்தக் கதைகளைப் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் சிவபாலன் படியேறி வந்தான். முப்பத்துமூன்று வயது, மட்டக்குளியில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளன். கையில் ஒரு பிளாஸ்ரிக் பைல். கனடாவில் இருந்து ஸ்பொன்சர் என்றான். கூப்பிடுகிறவர் யார் என்று ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார்.

“நந்தரூபன் எண்டு ஒராள் சேர்.”

“தமையனோ?”

“இல்லை. துணை எண்ட பிரிவிலைதான் போடுறம். அங்கத்தைச் சட்டத்திலை இடமிருக்கு. அவர் லோயரிட்டைக் கேட்டவர்.”

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தம்பி, பிறப்புச் சான்றிதழ் எண்டால் தாரும், செய்து தாறன். கடிதம் எழுதுற அலுவலை வேறை இடத்திலை பாரும்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சிவபாலன் பைலை மூடிக்கொண்டு இறங்கினான். ஜெகதீஸ்வரி பிரின்டர் மை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய், புடைவைக் கடை வாசலில் அவனைப் பிடித்தாள்.

“நாளைக்கு ஒரு மணிக்கு நிலாமின்ரை நெட் கபேக்கு வாருங்கோ. நான் எழுதித் தாறன்.”

“சேர் ஏசமாட்டாரே அக்கா?”

“என்ரை சாப்பாட்டு நேரத்திலை நான் என்ன செய்தால் அவருக்கென்ன?”

மறுநாள் அவன் வந்தான். ஜெகதீஸ்வரி மற்றவர்களிடம் கேட்கும் கேள்விகளையே கேட்டாள்.

“முதல்லை ஆர் சொன்னது?”

“என்னத்தை?”

“விருப்பமெண்டு.”

அவன் யோசித்தான். “ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா.”

தொண்ணூற்றெட்டில் இருந்து இரண்டாயிரத்து மூன்று வரை கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருவரும் இருந்தார்கள். பிறகு நந்தரூபன் கனடாவுக்குப் போய் அகதி அந்தஸ்துக் கேட்டான். சோடியாக எடுத்த படம் இல்லை. சடங்கு இல்லை. சாட்சிக்கு வரச் சொல்லக்கூடிய உறவினர் ஒருவரும் இல்லை. கனடாவிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. அவற்றிலும் சுகம் விசாரிப்பும் வேலை விஷயமும்தான்.

ஜெகதீஸ்வரி அன்று பின்னேரமே இரண்டு பக்கம் எழுதினாள். கோட்டை ரயில் நிலையத்தில் மழை, ஒரே குடைக்குள் இரண்டு பேர், பேசாமல் பார்த்துக்கொண்டது, பிரிந்த நாளில் கண்ணாடிக் கதவில் வைத்த கை என்று நன்றாகவே வந்தது. அடுத்த நாள் சிவபாலன் அதைக் கடைசி வரை வாசித்தான். ஆங்கிலம் அவனுக்குப் போதுமான அளவு தெரியும்.

“இது ஆரின்ரை கதை?” என்று கேட்டான்.

கேலியாகக் கேட்கவில்லை. அதனால் அவளுக்கு முகம் சுட்டது. நாட்களை வரையாமல் தாண்டிப் போகிறார்கள் என்று எவரெவரையோ மாதக்கணக்கில் திட்டி எழுதியவள், கையில் உண்மையான ஆட்கள் கிடைத்ததும் அதையேதான் செய்திருந்தாள். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அன்று பஹ்மியாவுக்குப் போன் எடுத்தாள். பெயரையும் விபரத்தையும் மறைத்து, ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, ஆனால் இரண்டு பேரில் ஒருவரும் காதலைச் சொன்னதே இல்லை என்றாள்.

“ஒருத்தரும் சொல்லல்லன்டா, சொல்லல்லன்டே எழுதுங்களேன்,” என்றாள் பஹ்மியா. “எங்க வாப்பாவும் உம்மாக்குச் சொல்லல்ல. நாப்பது வருஷம் ஒண்டாத்தானே இருந்தாங்க.”

“தூதரகத்துக்கு அது காணாது பஹ்மியா.”

“அப்ப என்ன செஞ்சாங்கன்டு எழுதுங்க. சும்மா இருந்திருக்க ஏலாதே.”

மூன்றாம் நாள் ஜெகதீஸ்வரி கேள்விகளை மாற்றினாள். யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனது? யார் துணி தோய்த்தது? வருத்தம் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது? சிவபாலன் மளமளவென்று சொல்லத் தொடங்கினான். சொல்லும்போதுதான் தொண்ணூற்றொன்பது வந்தது. ஒரு சுற்றிவளைப்பில் நந்தரூபனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிவபாலன் இரண்டு நாள் பொலிஸ் நிலைய வாசலில் சாப்பாட்டுப் பார்சலோடு நின்றான். வாசலில் நின்ற சார்ஜன், நீ அவனுக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

“நான் மல்லி எண்டு சொல்லிப்போட்டன்,” என்றான் சிவபாலன். “தம்பியெண்டால்தான் உள்ளை விடுவினம். பேந்து வருசாவருசம் வீட்டுப் பதிவிலையும் அப்பிடியே எழுதவேண்டிப் போச்சு.”

“எந்தப் பதிவு?”

“பொலிஸ் பதிவு. ஒரு வீட்டிலை ஆர் ஆர் இருக்கினமெண்டு குடுக்கிறதே, அந்தப் பேப்பர். கொப்பி இருக்கு.”

அவன் பைலின் அடியில் இருந்து எடுத்தான். மஞ்சளடித்த நான்கு தாள்கள், நான்கு வருடத்துக்குரியவை. ஒவ்வொன்றிலும் ஒரே முகவரி, இரண்டு பெயர்கள், பொலிஸ் நிலையத்தின் முத்திரை. கொழும்பில் தமிழர்கள் எல்லோரும் வெறுத்த தாள் அது. எத்தனையோ பேர் கோபத்தில் கிழித்தெறிந்திருப்பார்கள். சிவபாலன் பயத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். உறவுமுறை எழுதும் கட்டத்தில் முதல் தாளில் நண்பர் என்றும் மற்ற மூன்றில் சகோதரர் என்றும் இருந்தது.

“பொய் எழுதினதுக்குப் பிடிச்சிருவினமோ அக்கா?”

“ஏன் எழுதினீங்கள் எண்டதைத்தான் நாங்கள் எழுதப்போறம்.”

புதிய கடிதம் மூன்று பக்கம் வந்தது. அதில் மழை இல்லை. காதல் என்ற சொல் ஒரேயொரு இடத்தில், அதுவும் “எங்களில் எவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை” என்ற வசனத்தில் வந்தது. தைபோயிட் காய்ச்சல் பதினேழு நாள், பொலிஸ் வாசல் இரண்டு நாள், ஒரே சைக்கிளை இருவரும் மாறிமாறி ஓடிய நேரங்கள், பொய் சொன்ன காரணம் எல்லாம் திகதியோடு இருந்தன. சிவபாலன் வாசித்து முடித்துவிட்டு, ஓரிடத்தில் மட்டும் விரலை வைத்தான். “தைபோயிட் வந்தது எனக்கில்லை, அவனுக்கு.” அதைத் திருத்தினாள்.

ஆனால் அந்த நான்கு தாளும் சிங்களத்தில் இருந்தன. மொழிபெயர்ப்பும் முத்திரையும் இல்லாமல் அவற்றை யாரும் வாங்கமாட்டார்கள். ஜெகதீஸ்வரி மொழிபெயர்ப்பைத் தானே ரைப் செய்து, மூலத்தோடு ஸ்ரீஸ்கந்தராசாவின் மேசையில் வைத்தாள். அவர் முகவரியைப் பார்த்தார். பெயர்களைப் பார்த்தார்.

“அந்தப் பெடியன்ரை பைலோ?”

“ஓம் சேர். தாளிலை உள்ளதை மட்டும்தான் ஆங்கிலத்திலை அடிச்சிருக்கிறன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.”

“கடிதத்தை நீர்தான் எழுதினீரோ?”

“ஓம்.”

அவர் நான்கு தாளையும் வரிவரியாக ஒப்பிட்டார். இரண்டாவது தாளில் ஒரு வீட்டிலக்கம் பிழைத்திருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். திருத்திக்கொண்டு வந்ததும் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தார். “உண்மைப் பிரதி எண்டால் சீல் குத்துறது என்ரை கடமை,” என்றார். அதற்குப் பிறகு ஒரு கிழமை, வேலை விஷயம் தவிர வேறெதுவும் அவளோடு கதைக்கவில்லை. பிறகு வழக்கம்போலத் தேநீர் வந்ததா என்று கேட்டார்.

நேர்முகம் அடுத்த வருடம் ஆடியில் நடந்தது. அதிகாரி பெண். சைக்கிளைப் பற்றியும் பொலிஸ் வாசலைப் பற்றியும் கேட்டாள். நந்தரூபனுக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டாள். இறால் என்றான் சிவபாலன். கார்த்திகையில் விசா வந்தது. போக முன்னர் அலுவலகத்துக்கு வந்து, ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு பெட்டி லட்டு வைத்துவிட்டுப் போனான். ஸ்ரீஸ்கந்தராசா ஒன்று எடுத்தார்.

தளத்தில் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். சிவபாலனின் விஷயத்தை அங்கே ஒருபோதும் எழுதவில்லை. பஹ்மியாவுக்கும் பெயர் சொல்லவில்லை, பஹ்மியாவும் கேட்கவில்லை.

நானூறு கடிதம் எழுதிய ஜெகதீஸ்வரிக்கு, போய்ச் சேர்ந்தவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரும் சொன்னது கிடையாது. சிவபாலன் மாசியில் போன் எடுத்தான்.

“ஆள் மாறிப்போட்டான் அக்கா. நானும் மாறியிருப்பன். ஆறு வருசம் தானே. மேசையிலை ரெண்டு பேரும் விருந்தாளியள் மாதிரி இருக்கிறம்.”

“அங்கை நல்ல குளிரோ?” என்று கேட்டாள். நல்ல குளிர் என்றான்.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. காலி வீதியில் இரண்டு நாள் வெடி கொளுத்தினார்கள்; அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்த பிறகு வந்த பைல்கள் வேறு மாதிரியானவை. முகாமில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல், காணாமற் போனவர்களைப் பற்றிய முறைப்பாடு, பிள்ளைகளின் தொலைந்த பிறப்புச் சான்றிதழ். காதல் கடிதம் கேட்டு அந்த மாதங்களில் எவரும் வரவில்லை.

ஆவணியில் சிவபாலன் திரும்பவும் எடுத்தான். ஒரு பேக்கரியில் வேலை கிடைத்ததாம். காலை ஆறு மணிக்கு நந்தரூபன் தன்னைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போகிறானாம்.

“கதை பேச்சு எப்பிடி?” என்று கேட்டாள்.

“கார் ஓட்டம் பதினைஞ்சு நிமிசம். அதுக்குள்ளை கொஞ்சம் கதைக்கிறம்.”

“என்ன கதைப்பீங்கள்?”

“ரோட்டைப் பற்றித்தான். எங்கை சிக்னல் மாறாது, எங்கை பொலிஸ் நிப்பான் எண்டு.” அவன் சிரித்தது கேட்டது.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. பிறகு கதைப்போம் என்று சொல்லி ஜெகதீஸ்வரி போனை வைத்துவிட்டு, வந்தவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டாள்.