முப்பத்தைந்து மைல், அரை மணி நேர நடை

1991 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை 6.40. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தை ஒட்டிய சிறு தெருவில் வெள்ளை நிற வான் ஒன்று நின்றது. கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டிய வான். நான்கு சில்லுகளின் கீழும் நான்கு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. வைத்தவள் பவானி. அவற்றை நசித்துக்கொண்டு புறப்பட வேண்டியவன் அவள் கணவன் சிவபாலன். மடியில் தேசப்படத்துடன் பக்கத்து ஆசனத்தில் நான்.

வான் அசைந்ததும் பவானி பின் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பழம் தப்பிப்போச்சு. பின்னுக்கு எடுங்கோ."

"அது நசியாட்டி என்ன, வான் ஓடாதோ?"

"மலைக்கல்லோ போறம். எடுங்கோ."

சிவபாலன் பின்னால் எடுத்து, தப்பிய பழத்தின் மேல் ஏற்றினான். எதிர் வீட்டு வெள்ளைக்காரர் பால் போத்தலை எடுக்க வந்தவர், போத்தலைக் கையில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் போவதாக இருந்தது இங்கிலாந்தின் வடக்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மலைத் தேசியப் பூங்காக்களுக்கு: லேக் டிஸ்ட்ரிக்ட், யோர்க்‌ஷயர் டேல்ஸ். வானுக்கு நான்கு நாள் வாடகை 140 பவுண். கோடையில் கேட்டால் இரு மடங்கு. நவம்பரைத் தெரிவு செய்தது மலிவுக்காக என்று சிவபாலன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். காரணம் அதுவல்ல.

அவன் 1985இல், கல்யாணம் முடிந்து எட்டாம் மாதம், தனியாக லண்டனுக்கு வந்தவன். நான் அதற்கு ஒரு வருடம் முன்பு வந்திருந்தேன். அதுவரை யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் மற்றவர்களின் செய்திகளைத் திருத்தும் மேசையில் பதினொரு வருடம். இருவரும் ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி அறையில் இருந்தோம். அவனுக்குப் பெற்றோல் நிலையத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அகதி வழக்கு முடியும் வரை பவானியைக் கூப்பிட வழியில்லை. அவளுடைய கடிதங்களில் ஷெல் விழுந்த இடங்களின் பெயர்கள் இருக்கும். முடிவில் ஒரே கேள்வி: அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவபாலன் நீல ஏரோகிராமை விரித்து வைத்துக்கொண்டு பேனையைக் கடிப்பான்.

"பெற்றோல் பம்பைப் பாத்தன் எண்டு எழுதவோ அண்ணை?"

சுவரில் ஃபாரஸ்ட் கேட் மளிகைக் கடைக்காரர் தந்த கலண்டர் தொங்கியது. மாதத்துக்கு ஒரு மலையோ ஏரியோ பாலமோ. அதைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். உயரங்களுக்கும் தூரங்களுக்கும் கவுன்சில் நூலகத்துக்குப் போய் வந்தேன். ஓர் இடத்தை எண் இல்லாமல் விட எனக்குக் கை வராது. அப்படி ஆறு கடிதங்கள். அந்த ஆறிலும் சிவபாலன் ஏரிக்கரையில் இருந்தான், மலையேறினான், சிவப்புக் கதவு வைத்த கடையில் தேநீர் குடித்தான். உண்மையில் அவன் லண்டனை ஒட்டிய வட்ஃபோர்டைத் தாண்டியதில்லை. நானும்தான்.

1991 ஏப்ரலில் பவானி வந்து சேர்ந்தாள். கடிதங்கள் ஒரு பிஸ்கட் தகரத்தில் கூடவே வந்தன. செப்டெம்பர் மாத ஞாயிறு ஒன்றில் அந்தத் தகரத்தைச் சமையலறை மேசையில் வைத்து, "இதுகளை எனக்குக் காட்டுங்கோ," என்றாள்.

அடுத்த ஏப்ரலில் போகலாம் என்பது அவள் எண்ணம். சிவபாலன் நவம்பரில் நின்றான். பஸ் தரிப்பிடத்தில் வைத்து எனக்கு மட்டும் விளக்கினான்.

"சீசன் முடிஞ்சா எல்லாம் பூட்டிக் கிடக்கும் அண்ணை. கடையைக் காணேல்லையெண்டா பூட்டிப்போட்டாங்கள் எண்டு சொல்லலாம். படகைக் காணேல்லையெண்டா கரையேத்திப்போட்டாங்கள் எண்டு சொல்லலாம். நீங்களும் வரவேணும். ஆர் எழுதினது?"

அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்தச் சமையலறையில் திட்டம் போட்டோம். வடக்கே வானை நிறுத்தித் தங்கும் முகாம்களில் பெரும்பாலானவை ஒக்டோபர் முடிவில் மூடிவிடும். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்று பூட்டி வைப்பார்கள். பதினான்கு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்து, திறந்திருக்கும் இரண்டைப் பிடித்தேன். சிவபாலன் பாதையை வகுத்த முறை வேறு. எந்தெந்தப் பெற்றோல் நிலையத்தில் எங்கள் ஊர்ப் பொடியள் நிற்கிறார்கள் என்று விசாரித்து, படத்தில் சிவப்புப் புள்ளி வைத்தான். பவானி வைத்தது சாமான் பட்டியல்: அரிசி பத்து இறாத்தல், பருப்பு, புட்டு அவிக்க நீத்துப்பெட்டி, இரண்டு தேங்காய், துருவத் திருவலை. மூன்று பேருக்கு நான்கு நாள்.

ஒரு மாலை அவள் ஐந்தாம் கடிதத்தைப் படத்தின் மேல் விரித்தாள். "ஏரியிலிருந்து அரை மணி நேரம் தனியாக நடந்து பாலத்தடிக்கு வந்தேன். இருபத்து நான்கு வளைவுகள் உள்ள ரயில் பாலம்," என்று அதில் இருந்தது. விண்டமியர் ஏரியில் விரலை வைத்தாள். விரல் ஏரியைச் சுற்றி வந்தது. பாலம் இல்லை. பிறகு மெல்லக் கிழக்கே போய், மோட்டர்வேயைத் தாண்டி, அடுத்த பூங்காவுக்குள் ரிபிள்ஹெட் பாலம் என்ற பெயரில் நின்றது.

கலண்டரில் ஒக்டோபருக்கு ஏரி, நவம்பருக்குப் பாலம். இரண்டு தாள்களையும் ஒரே நடையில் அடக்கியிருந்தேன். மற்றவர் செய்தியில் இப்படி ஒன்றைக் கண்டிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். சிவபாலன் என்னைப் பார்த்தான். நான் படத்தைப் பார்த்தேன்.

"அப்ப ரெண்டுக்கும் போவம்," என்று பவானி கடிதத்தை மடித்துவிட்டு அரிசி களையப் போனாள்.

வியாழன், காலை 10.20. ஸ்ராஃபர்ட், சிவப்புப் புள்ளி ஒன்று. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஏறத்தாழ 145 மைல். சிவபாலனோடு படித்த நாதன் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். கல்லாவின் பின்னால் இருந்து தேநீர் வந்தது, இஞ்சி போட்டு.

"ஆறு வருசமாக் கூப்பிட்டனான் தங்கச்சி, இந்தப் பக்கம் தலை காட்டேல்லை. நீர் வந்தாப் பிறகுதான் துரைக்கு ரோட்டுத் தெரிஞ்சிருக்கு," என்றான் நாதன்.

பவானி கோப்பையை வாயிலிருந்து எடுக்காமல் கணவனைப் பார்த்தாள்.

"அப்ப நான் வேற ரோட்டாலை போனனான்," என்றான் சிவபாலன்.

"வேற ரோட்டோ? எந்த ரோடு?"

"நீ உள்ளை போ, ஆக்கள் நிக்கினம்."

யாரும் நிற்கவில்லை. நாதன் பெற்றோலுக்குப் பணம் வாங்க மறுத்தான். சிவபாலன் கல்லாவில் வைத்துவிட்டு வந்தான்.

பிற்பகல் 3.35. விண்டமியருக்கு இரண்டு மைல் இப்பால் ஒரு பண்ணை முகாம். மலைகளின் உச்சியில் மாவு தூவியது போல் பனி. கீழே ஈரப் பன்னச் செடிகள் துரு நிறத்தில் கிடந்தன. இரவுக்கு 3 பவுண் 50. கழிப்பறை பூட்டு, ஒரு குழாய் மட்டும் வைக்கோல் சுற்றியபடி திறந்திருந்தது. எங்களைத் தவிர இன்னொரு வான் நின்றது. பண்ணைக்காரர் முழங்கால் வரை சப்பாத்து அணிந்த முதியவர். இந்த மாதத்தில் இங்கே என்ன பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார்.

ஏழு மாதத்தில் பழகிய ஆங்கிலத்தில் பவானி பதில் சொன்னாள்: "என் கணவருக்கு இது தெரிந்த இடம். எனக்குக் காட்ட வந்தார்."

சிவபாலன் குழாயைப் பரிசோதிக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை, காலை 9.15. ஏரி பத்தரை மைல் நீளம். கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அந்த எண்ணுக்காக எனக்குள் சிறு நிம்மதி. படகுகளுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். தேநீர்க் கடைகளின் கதவுகள் சாத்தியிருந்தன. அவற்றில் ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை, இரண்டு நீலம்.

"சிவப்புக் கதவுக் கடை எது?" என்று பவானி கேட்டாள்.

"சீசன் முடிஞ்சுதல்லோ. பெயின்ற் மாத்திப்போட்டாங்கள் போல."

"சீசன் முடியக் கடையைப் பூட்டுவினம். கதவையும் மாத்துவினமோ?"

"குளிருக்குள்ளை நிண்டு கதைச்சுக்கொண்டிராமல் வாரும்."

அவள் சிரிக்கவில்லை. கரையோரம் நடந்து போய், மூன்றாம் கடிதத்தில் அவன் அவளை நினைத்தபடி இருந்த கல் எது என்று கேட்டாள். கரை முழுவதும் கல். சிவபாலன் கொஞ்ச நேரம் தேடுவது போல் நின்று, தட்டையான ஒன்றைக் காட்டினான். அதில் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

"அப்ப தண்ணி குறைவு," என்றான்.

அவள் அந்தக் கல்லை நீண்ட நேரம் பார்த்தாள். வானுக்குத் திரும்பும்போது எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள். அன்று மத்தியானம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். வான் முழுவதும் தேங்காய்ப்பூ வாசனை. ஜன்னல்களில் ஆவி படிந்து மலைகள் மறைந்தன. கோப்பைகளைக் கழுவும்போது சிவபாலன் மெதுவாகக் கேட்டான்: "கோவமோ அண்ணை அவளுக்கு?" எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: நாங்கள் கவனமாகத் திட்டமிட்ட இந்தப் பயணத்தில் அவள் ஒவ்வொரு மணி நேரமும் அவனிடமிருந்து தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு வருடக் கடல் செய்யாததை என் ஆறு கடிதங்கள் செய்துவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை, காலை 9.05. விண்டமியரிலிருந்து கெண்டல், அங்கிருந்து கேர்க்பி லோன்ஸ்டேல். மோட்டர்வேயைக் கடந்ததும் மலைகளின் சாயல் மாறியது. கூர்ச் சிகரங்கள் போய், மேசை போல் தட்டையான முகடுகள் வந்தன. வயல்களைப் பிரித்து மேல்நோக்கி ஓடும் கல் மதில்கள். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கியவை. இங்கிள்பரோ என்ற மலை, 2,372 அடி. அதைச் சத்தமாகச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

10.25. ரிபிள்ஹெட். வானின் மீற்றரில் ஏரியிலிருந்து 35 மைல். சாலையோரத்தில் வேறு வாகனம் இல்லை. வெறும் புல்வெளிக்குக் குறுக்கே பாலம் நின்றது. எண்ணினேன்: இருபத்து நான்கு.

பவானி இறங்கவில்லை. தகரத்தைத் திறந்து ஐந்தாம் கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். "ஏரியிலிருந்து அரை மணி நேரம் தனியாக நடந்து பாலத்தடிக்கு வந்தேன்." வாசித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்தாள். இயந்திரம் ஓய்ந்திருந்தது. காற்று வானின் பக்கத்தில் மோதியது.

சிவபாலன் இரண்டு கைகளையும் சுக்கானில் வைத்திருந்தான்.

"நான் இஞ்சை வரேல்லை பவானி. ஒரு இடத்துக்கும் போகேல்லை. எல்லாம் அண்ணை கலண்டரைப் பாத்துச் சொன்னது."

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"முதல் கடிதத்திலையே. கலியாணம் கட்டின வீட்டுக்கும் சந்தைக்கும் எவ்வளவு தூரம் எண்டு கேட்டா, கொஞ்சத் தூரம் எண்டு சொல்லுற மனிசன். மலை மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு அடி எண்டு எழுதினால் நான் நம்புவனோ?" என் பக்கம் திரும்பினாள். "குறை நினைக்காதேங்கோ அண்ணை. நல்லா எழுதியிருந்தியள். பங்கருக்குள்ளை இருக்கேக்கை பக்கத்து வீட்டாருக்கும் வாசிச்சுக் காட்டினனான்."



"பிறகேன் வந்தனீர்?" என்று சிவபாலன் கேட்டான்.

"நீங்கள் சொல்லுவியள் எண்டுதான். செப்டெம்பரிலை சொல்லுவியள் எண்டு பாத்தன். நேற்று அந்தக் கல்லடியிலை சொல்லுவியள் எண்டு பாத்தன். தண்ணி குறைவாம்." அவள் கடிதத்தை மடித்தாள். "ஆறு வருசம் என்ன செய்தனீங்கள் எண்டு எனக்கு இன்னும் ஒரு மனிசரும் சொல்லேல்லை."

"சொல்ல என்ன இருக்கு? பம்பு, படுக்கை. பம்பு, படுக்கை."

"அதைச் சொல்லுங்கோ." அவள் கதவைத் திறந்தாள். காற்று உள்ளே புகுந்து தேசப்படத்தைப் புரட்டியது. "அரை மணி நேரம் நடை எண்டுதானே எழுதிக் கிடக்கு. நடந்துகொண்டு சொல்லுங்கோ."

நான் போகவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலை முழங்கையால் துடைத்தேன். இரண்டு பேரும் பாலத்தை நோக்கிப் போனார்கள். முதலில் அவன் முன்னால், அவள் ஐந்தாறு அடி பின்னால். ஒரு சேற்றுக் குழி வந்த இடத்தில் அவன் நின்றான். அதன் பிறகு பக்கத்தில் பக்கத்தில். அவன் கைகள் அசைந்துகொண்டிருந்தன. ஏதோ குழாயைத் தூக்கி மாட்டுவது போல ஒரு முறை, கண்ணாடிக்குப் பின்னால் குனிவது போல ஒரு முறை. இரண்டு பெட்டி ரயில் ஒன்று பாலத்தின் மேல் போனது. அவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. பிறகு ஒரு வளைவின் நிழலுக்குள் போனார்கள், கொஞ்ச நேரம் தெரியவில்லை.

கேத்திலில் தண்ணீர் கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. பழக்கதோஷத்தில் மணி பார்த்தேன். போய் வர முப்பத்திரண்டு நிமிடம். இருவரின் மூக்கும் சிவந்திருந்தது; குளிரால் என்று அன்றைய பயணக் குறிப்பில் எழுதி வைத்தேன்.

"அண்ணை, இவர் ஒரு கிறிஸ்மஸுக்குப் பெற்றோல் கடைக்குள்ளை இருந்து அழுதவராமே, தெரியுமோ?" என்று பவானி கேட்டாள்.

எனக்குத் தெரியாது. ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தவன் நான்.

நவம்பர் 17, ஞாயிறு. ஹோஸ் என்ற சிற்றூருக்கு வெளியே இருந்த இரண்டாவது முகாமில் காலை 8.30க்குப் புல்லெல்லாம் உறைபனி. மிஞ்சிய அரிசி ஆறு இறாத்தல். முகாமை விட்டுக் கிளம்பும்போது எலுமிச்சம்பழம் தீர்ந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. கலண்டரில் அந்த மலைகள் எப்போதும் வெயிலில்தான் இருந்தன. நான் நேரில் கண்டது பூட்டிய கடைகள், ஈரப் பன்னம், நரைத்த வானம். இப்போது, அவர்கள் ஹரோவுக்கு வீடு மாறி, நான் இன்னும் அதே ஈஸ்ட் ஹாம் தெருவில் இருக்கும்போது, அந்த மாடி அறையை நினைத்தால் கலண்டர்ப் படங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. மங்கலான அந்தப் புல்வெளியும், அதில் போன இரண்டு உருவங்களும்தான் வருகின்றன.

கெண்டலுக்குப் போகும் பாதையில் ஏறியதும் பவானி பின் ஆசனத்திலிருந்து ஐந்தாம் கடிதத்தையும் ஒரு பேனையையும் நீட்டினாள்.

"பேப்பரிலை பிழை வந்தால் என்ன செய்வியள் அண்ணை?"

"அடுத்த நாள் திருத்தம் போடுவம்."

"அப்ப இதிலை ரெண்டு சொல்லு வெட்ட வேணும்."

வான் ஒரு மதிலோரம் நிற்கும் வரை காத்திருந்து, முழங்காலில் வைத்து வெட்டினேன். 'ஏரியிலிருந்து' என்பதில் ஒரு கோடு. 'தனியாக' என்பதில் ஒரு கோடு. மிச்சத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் சரி. இருபத்து நான்கு வளைவுகளும் சரி. கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தகரத்துக்குள் வைத்து மூடினாள்.